நடுவீட்டு டீச்சர்

எனக்கும் என் கணவருக்கும் நடந்த முதல் பெரிய சண்டையின்போது டீச்சர் என்ன செய்தார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போது நாங்கள் அவர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தோம். கல்யாணமாகி நாலைந்து மாதம்தான் ஆகியிருந்தது. சண்டை எதற்கு என்று இப்போது சரியாக நினைவில்லை. மாமியார் ஊரிலிருந்து வந்து எத்தனை நாள் தங்குவது என்பது பற்றியாக இருக்கலாம். சத்தம் கேட்டு டீச்சர் படியேறி வந்தார். என்னைச் சமையலறைக்கு அழைத்துப் போய் நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு என் கணவரை பால்கனியில் நிறுத்தி, அவர் சொன்னதையும் அதே போலக் கேட்டார். கடைசியில் இரண்டு பேரையும் பார்த்து, "எனக்கு நீயும் வேணும், தம்பியும் வேணும். நான் ஒண்ணும் சொல்றதா இல்ல" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

நாங்கள் இருவரும் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தோம். எனக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. சண்டை அதோடு முடிந்தது.

கீழ்க்கட்டளையில் அந்தத் தெரு ஏரியைப் பார்த்து இறங்கிப் போகும். மேல்முனையில் கிரில் கேட்டும் மொசைக் தரையுமாக வேலைக்குப் போகிறவர்களின் வீடுகள். கீழ்முனையில், ஏரிக்கரையை ஒட்டி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சின்னச் சின்ன வீடுகள். கட்டட வேலை, பெயின்ட் வேலை, வீட்டு வேலை செய்கிறவர்கள். சரியாக நடுவில் டீச்சரின் வீடு. மேல்முனைக்காரர்கள் அவரை டீச்சர் என்பார்கள், கீழ்முனைக்காரர்கள் டீச்சரம்மா என்பார்கள். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தாம்பரம் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். கணவர் இறந்துபோயிருந்தார். ஒரே மகன் கோயம்புத்தூரில். கணவருடைய பெரிய கைக்கடிகாரத்தைத் தன் ஒல்லியான மணிக்கட்டில் கட்டியிருப்பார். அது முழங்கை வரைக்கும் வழுக்கிப் போகும், அவரும் பேசிக்கொண்டே அதைக் கீழே இழுத்து விடுவார்.

யார் பக்கமும் சேரக் கூடாது என்பது அவருக்கு ஒரு கொள்கை என்று சொல்ல முடியாது. அது அவருடைய உடம்பிலேயே இருந்தது. அவருடைய சபையில் கமிட்டித் தேர்தல் வந்தால் இரண்டு அணியும் மாறி மாறி வீட்டுக்கு வரும். இரண்டுக்கும் காபி கொடுப்பார், இரண்டோடும் உட்கார்ந்து ஜெபம் செய்வார். ஓட்டுச் சீட்டில் எதுவும் குறிக்காமல் மடித்துப் போட்டுவிட்டு வருவார். அவருடைய அண்ணன்கள் இரண்டு பேரும் செங்கல்பட்டுப் பக்கத்து நிலத்துக்காகக் கோர்ட்டுக்குப் போனபோது, சாட்சி சொல்லக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று பயந்து தன் பங்கையே எழுதிக் கொடுத்துவிட்டாராம். என் கணவர் கிரிக்கெட் பார்க்கும்போது கீழேயிருந்து வந்து சற்று நேரம் நிற்பார். எதிரணிக்காரன் அவுட்டானாலும், "பாவம், அவனும் எவ்ளோ தூரத்துலேர்ந்து வந்திருக்கான்" என்பார். ஒருநாள் செய்தியில் பாக்தாத் மேல் குண்டு விழுவதைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். என் கணவர் ஆத்திரமாக ஏதோ சொன்னார். டீச்சர், "ரெண்டு பக்கமும் பெத்தவங்க இருப்பாங்க" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவரிடமிருந்து வாங்க முடியவில்லை.

எனக்கு அந்தக் குணம் மிகவும் பிடித்திருந்தது. அதில் அவருக்கு ஒரு ருசியும் இருந்தது என்பது பின்னால்தான் புரிந்தது. எந்தப் பக்கமும் சேராதவரிடம் எல்லாரும் வருவார்கள். எல்லாவற்றையும் சொல்வார்கள். கீழ்முனையில் ரேஷன் கார்டு, பள்ளிக்கூட அட்மிஷன் எதுவானாலும் டீச்சரம்மாதான் எழுதித் தர வேண்டும். எந்த வீட்டுக்குப் பட்டா இருக்கிறது, எது ஏரிப் புறம்போக்கில் நிற்கிறது, யார் கம்பத்திலிருந்து கொக்கி போட்டு விளக்கு எரிக்கிறார்கள், எல்லாம் அவருக்குத் தெரியும். மேல்முனையில் யார் வீட்டுச் சாக்கடை மழைநீர்க் கால்வாய்க்குள் போகிறது என்பதும் தெரியும். ஒரு பேச்சு வெளியே வராது. அதனாலேயே இன்னும் சொன்னார்கள்.

கீழ்முனைக்குப் பெரிய மனிதர் ஒரு கட்டட மேஸ்திரி. மேல்முனைக்கு ரயில்வே ஆபீசில் ஓய்வு பெற்ற ஒருவர். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் அவர்தான், ரயில்வே சார் என்போம். மேஸ்திரியின் மனைவி எனக்கு வேண்டியவர். என் மகன் பிறந்தபோது என் அம்மா உடம்புக்கு முடியாமல் திரும்பிப் போய்விட்டார். அப்போது தினமும் காலையில் வந்து காலில் போட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டுத் தூங்க வைத்துவிட்டுப் போனது இந்த அக்காதான்.

இரண்டாயிரத்து மூன்றிலும் நாலிலும் மழை பொய்த்தது. அந்தக் கோடையில் சென்னையின் தெற்கே இருந்தவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. போர்வெல்களில் காற்றுதான் வந்தது. ஏரி வெடித்துக் கிடந்தது, பிள்ளைகள் அதற்குள் கிரிக்கெட் ஆடினார்கள். லாரித் தண்ணீருக்காகத் தெருவுக்கு ஒரு கறுப்பு சின்டெக்ஸ் டேங்க் வைத்தார்கள். எங்கள் தெரு டேங்க், டீச்சர் வீட்டு வாசலில், நடுவில் நின்றது.

டீச்சர் வீட்டுக் கிணறு மட்டும் வற்றவில்லை. அவர் கணவர் வீடு கட்டுவதற்கு முன்பே கிணற்றைத்தான் வெட்டினாராம். பாறை வந்தபோது எல்லாரும் போதும் என்றார்களாம், அவர் மட்டும் கேட்காமல் இன்னும் இறக்கினாராம். அந்தக் கிணற்றை டீச்சர் திறந்து விட்டார். காலையில் மேல்முனைக்கு, சாயங்காலம் கீழ்முனைக்கு. பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்துகொள்வார். யாரும் யாரையும் முந்தக் கூடாது, சத்தம் கூடாது. இரண்டு முனையும் அவரை வாயாரப் புகழ்ந்தது.

அந்த நாட்களில் அவர் முன் ஹாலில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பார். மாடியில் துணி காயப் போடும்போது எனக்குக் காதில் விழும். ஒருநாள் இரண்டாம் உலகப் போர் பாடம் நடந்துகொண்டிருந்தது. அமெரிக்கா முதலில் போரில் சேராமல் நடுநிலை வகித்தது, ஜப்பான் எதிர்பாராத வேளையில் முத்துத் துறைமுகத்தைத் தாக்கியது, மறுநாளே அமெரிக்கா போரில் குதித்தது என்று வரிவரியாகச் சொல்லி எழுத வைத்தார்.

ஒரு பெண் குறுக்கே கேட்டாள். "மிஸ், சும்மா இருந்த நாட்ட ஜப்பான் ஏன் மிஸ் போய் அடிச்சுது?"

"சும்மா இல்ல. ஜப்பான் சீனாவுல பண்ண அக்கிரமத்தப் பாத்துட்டு, இனிமே உனக்கு எண்ணெய் கெடையாதுன்னு அமெரிக்கா நிறுத்திருச்சு. எண்ணெய் இல்லாம ஜப்பானுக்குக் கப்பல் ஓடாது, விமானம் பறக்காது. அதான் அடிச்சான்."

"அப்ப அது எப்படி மிஸ் நடுநிலை?"

டீச்சர், "புத்தகத்துல நடுநிலைன்னுதான் போட்டிருக்கு. அப்படியே எழுது, மார்க் வரும்" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். மேலே நானும் சிரித்தேன்.

டேங்க் பற்றி முணுமுணுப்பு ஆரம்பித்தது. வரி கட்டுகிறவர்களுக்குத்தான் லாரித் தண்ணீர், புறம்போக்குக்காரர்களுக்கு எதற்கு என்று மேல்முனையில் பேசினார்கள். டேங்கைத் தங்கள் பக்கம் நகர்த்திப் பூட்டுப் போட வேண்டும் என்று ரயில்வே சார் சங்கத்தில் தீர்மானம் போட்டார். அது கீழ்முனைக்கு எட்டியது. மேல்முனை ஆண்கள் எல்லாரும் ஆபீஸ் போயிருந்த ஒரு மத்தியானத்தில், கீழ்முனைப் பையன்கள் மூன்று சக்கர மீன்பாடி வண்டி கொண்டுவந்து டேங்கை ஏற்றினார்கள். முன்னால் நின்றவன் மேஸ்திரியின் மச்சான், அந்த அக்காவின் தம்பி. பெயின்ட் வேலைக்குப் போகிறவன். ரயில்வே சார் ஓடிவந்து வண்டியை மறித்தார். யாரும் அவரை அடிக்கவில்லை, நான் பால்கனியில் நின்று பார்த்தேன். ஆனால் வண்டி நகர்ந்தது, அவர் பிடியை விடவில்லை, விழுந்தார். மணிக்கட்டு உடைந்தது. வண்டி நிற்காமல் போய்விட்டது.

டீச்சர் தன் கேட்டருகே நின்று எல்லாவற்றையும் பார்த்தார். ரயில்வே சாரைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தவர் அவர்தான். அன்று சாயங்காலம் குடத்தோடு வந்த கீழ்முனைப் பெண்களிடம், "டேங்க் திரும்பி வரட்டும். அப்பறம் வாங்க" என்று சொல்லிவிட்டார்.

காலையில் மேல்முனைக்காரர்கள் வழக்கம்போல வந்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

இரண்டு நாள் பொறுத்து நான் கேட்டேன். "டீச்சர், இது ஒரு பக்கம் சேர்ற மாதிரி ஆயிடாதா?"

"நான் யார் பக்கமும் சேரல. வயசான மனுஷன் கைய ஒடச்சிட்டுப் போயிருக்காங்க. அதக் கண்டுக்காம இருந்தாத்தான் பக்கம் சேர்ற மாதிரி. டேங்க் வந்தா தண்ணி, அவ்ளோதான்." கடிகாரத்தை இழுத்து விட்டுக்கொண்டார்.

டேங்க் வரவில்லை. கீழ்முனைப் பெண்கள் சைக்கிளில் குடம் கட்டிக்கொண்டு மேடவாக்கம் பக்கத்து வயல் கிணறுகளுக்குப் போனார்கள். லாரி வந்தால் டேங்கில் பாதிதான் நிரப்பியது, சில நாள் வரவே இல்லை. மேல்முனை போன் செய்து திருப்பிவிட்டது என்று கீழ்முனை சொன்னது. மேஸ்திரி வீட்டு அக்கா ஒருநாள் தனியாக வந்து டீச்சரிடம் கேட்டார். "ஒரு கொடம் டீச்சரம்மா. மாமியாருக்கு ஒடம்பு முடியல, மேலுக்கு ஊத்தணும்."

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லும்மா. டேங்க இன்னைக்கே கொண்டுவந்து வைக்கச் சொல்லு."

"எம் பேச்ச அங்க யாரு கேக்கறாங்கோ."

டீச்சர் உள்ளே போய்விட்டார். நான் அக்காவை மேலே கூப்பிட்டு எங்கள் குழாயில் ஒரு குடம் பிடித்துக் கொடுத்தேன். அதுவும் அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். குடத்தோடு அவர் படியிறங்குவதை டீச்சர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனுக்கு மொட்டை போட நாங்கள் குன்றத்தூர் மலைக்குப் போயிருந்தோம். டீச்சர் காலை ஆராதனைக்குப் போயிருந்தார். மத்தியானம் நாங்கள் ஆட்டோவில் வந்து இறங்கியபோது வாசலில் கூட்டம். தெருவெல்லாம் மெக்கானிக் கடை நாற்றம். கான்கிரீட் போடும் சென்ட்ரிங் பலகைக்குத் தடவ மேஸ்திரி வைத்திருந்த வேஸ்ட் ஆயிலை, பெரிய கேனோடு கொண்டுவந்து யாரோ கிணற்றில் கவிழ்த்திருந்தார்கள். கேனும் உள்ளே மிதந்தது.

டீச்சர் சர்ச்சுக்குக் கட்டிக்கொண்டு போன பட்டுச் சேலையோடேயே கிணற்றடியில் நின்று இறைத்துக்கொண்டிருந்தார். வாளி வாளியாகக் கறுப்பாக வந்தது. ஒவ்வொரு வாளியையும் தரையில் ஊற்றி, குனிந்து பார்த்து, மறுபடி விட்டார். கை, சேலை, முகம் எல்லாம் எண்ணெய். யாராவது வாளியை வாங்கப் போனால் கையை உதறினார். கடைசியில் என் கணவர் கயிற்றைப் பிடித்து நிறுத்தி, "போதும் டீச்சர், இது இறைச்சுத் தீராது" என்றார். அவர் கிணற்றுச் சுவரில் கை ஊன்றி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

யார் செய்தது என்று தேட வேண்டியிருக்கவில்லை. அக்காவின் தம்பி தெருமுனைப் பெட்டிக்கடையில் நின்று அவனாகவே சொன்னான். "ஆமா, நான்தான் ஊத்துனேன். இன்னா இப்போ? மேல இருக்கறவனுக்கு மட்டும் மொண்டு மொண்டு குட்த்துகினு இருந்தாங்க இல்ல? அவங்க எப்பவோ அந்தப் பக்கம் பூட்டாங்க. நமக்குத்தான் லேட்டா தெரிஞ்சுது."

அன்று சாயங்காலம் டீச்சருக்கு ரசம் சாதம் எடுத்துப் போனேன். சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கை சிவந்திருந்தது. நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை.

"அவனுக்கு ஏழாவது வரைக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன். ஒரு பைசா வாங்கினதில்ல. இங்கதான் உக்காந்து படிப்பான். பசிக்குதுன்னா சாப்பாடு போடுவேன்" என்றார். பிறகு, "என்னை எதிரின்னு நெனைச்சிருக்கான். நான் அவனுக்கு என்ன பண்ணேன்?" என்றார்.

"தண்ணிய நிறுத்தினது அவங்களுக்கு அப்படிப் பட்டிருக்கும் டீச்சர்."

"அது வேற" என்றார். தட்டைத் தொடவில்லை.

மேஸ்திரிக்கு உண்மையிலேயே முன்கூட்டித் தெரியாது. அவர் ஞாயிற்றுக்கிழமை கான்கிரீட் போடப் பெருங்களத்தூர் போயிருந்தார். திரும்பி வந்து விஷயம் தெரிந்ததும் மச்சானைத் தெருவிலேயே செருப்பால் அடித்தார். அப்போதே டேங்கை வண்டியில் ஏற்றி, அவரே தள்ளிக்கொண்டு வந்து, பழைய இடத்தில் வைத்தார். மறுநாள் காலை மனைவியோடு டீச்சர் வாசலில் வந்து நின்றார். நான் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். டீச்சர் கிரில் கதவுக்கு உள்ளே நின்றார், திறக்கவில்லை.

"டீச்சரம்மா, பையன் புத்தி கெட்டுப் பண்ட்டான். நான் ஆள் இட்டாந்து கெணத்த எறச்சு, தூர் வாரி, ப்ளீச்சிங் போட்டுக் குட்த்துர்றேன். எவ்ளோ நாள் ஆனாலும் நான் பாத்துக்கறேன். போலீசு மட்டும் வாணாம்மா. அவன் துபாய் போறதுக்குக் காயிதம்லாம் போட்டுக் கீறான்."

அக்கா கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

டீச்சர் நிதானமாகச் சொன்னார். "இத்தன வருஷம் ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல நின்னேன். எனக்கு அதுல ஒரு லாபமும் இல்ல. உங்களுக்கு அது புடிக்கல. இப்ப நான் நடுவுல இல்ல. போயிட்டு வாங்க."

மேஸ்திரி கை கூப்பியபடி நின்றார். டீச்சர் உள்கதவையும் சாத்தினார்.

ரயில்வே சார் அன்று மாலை கட்டுப் போட்ட கையோடு துக்கம் விசாரிக்க வந்தார். கீழே டீச்சரிடம் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு பேசியவர், படியோரம் என் கணவரிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "கிணறு போனது கஷ்டந்தான் சார். ஆனா உண்மையச் சொல்லணும்னா, நேத்திக்குத்தான் நான் நிம்மதியா தூங்கினேன். டீச்சர் நம்ப பக்கம் வந்துட்டாங்கன்னா அப்பறம் கீழ இருக்கறவங்க ஆட்டம் எவ்ளோ நாளைக்கு?"

அவர் கணக்கு சரிதான். எந்தப் பக்கமும் சேராமல் இருந்தவரிடம் எல்லாருடைய ரகசியமும் இருந்தது.

முதலில் போலீஸ். அக்காவின் தம்பியைக் கடையிலிருந்தே பிடித்துப் போனார்கள். வழக்கு விழுந்தது, துபாய் போச்சு. அது நியாயம் என்று நானும் நினைத்தேன். பிறகு டீச்சர் மின்சார ஆபீசுக்குப் போனார். கொக்கி போட்ட வீடு ஒவ்வொன்றையும் கூட வந்து கையால் காட்டினார். கோடையில் விசிறி நின்ற வீடுகளிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் தெருவில் வந்து உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு தாலுகா ஆபீஸ். குடையை எடுத்துக்கொண்டு, ஷேர் ஆட்டோ பிடித்துத் தாம்பரம் போவார். மத்தியானம் வேர்த்து வடிய வருவார், இரண்டு நாள் கழித்து மறுபடி போவார். அத்தனை வருடம் அந்த மனிதரிடம் இப்படி ஒரு வேகம் எங்கே இருந்தது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. நன்றாகச் சாப்பிட்டார். சங்கக் கூட்டத்தில் ரயில்வே சார் பேச எழுந்தால், "நீங்க உக்காருங்க, நான் சொல்றேன்" என்றார். டேங்கை மேல்முனைக்கு நகர்த்திப் பூட்டுப் போட வைத்ததும் அவர்தான்.

கிணற்றைச் சுத்தம் செய்ய மகன் ஆள் அனுப்புவதாகச் சொன்னான். வேண்டாம் என்றுவிட்டார். அதன் மேல் இரும்பு வலை போட்டு மூடி வைத்தார். யாராவது விசாரிக்க வந்தால் வலையைத் தூக்கி, எட்டிப் பார்க்கச் சொல்வார்.

அதற்கடுத்த வருடம் மழை வந்தது. ஏரியில் தண்ணீர் நின்றது. கைப்பம்பை அடித்தால் தண்ணீர் கொட்டியது. பூட்டுப் போட்ட டேங்கை யாரும் திறப்பதில்லை, பாசி பிடித்துக் கிடந்தது. இனிமேல் சண்டைக்கு என்ன காரணம் இருக்கிறது என்று நாங்கள் நினைத்தோம். தை மாதம் முடிந்த ஒரு காலையில் வீடு இடிக்கிற பொக்லைன் இயந்திரம் வந்தது.

பட்டா இல்லாத வீடுகள் எவை என்று அதிகாரிகளுக்குக் குழப்பமே இல்லை. மேஸ்திரி வீடு, அதற்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், கரையை ஒட்டிய வரிசை முழுவதும். மத்தியானத்துக்குள் சாமான்களெல்லாம் தெருவில் கிடந்தன. மேஸ்திரி தன் கையால் கட்டிய சுவர் இடிந்தபோது அவர் திரும்பி நின்றுகொண்டார். அக்கா என்னைப் பார்த்தார். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பால்கனியில் நின்றேன். கீழே டீச்சர் கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். போகிறவர்கள் சட்டி பானையோடு அவரைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. ஒருவரும் அவரைத் திட்டவில்லை. அவர் யாரையும் பார்க்காமல் இருக்கவும் இல்லை. ஒவ்வொருவராகப் பார்த்தார்.

இடிந்த வரிசையில் எங்கள் தெருவின் அயர்ன் வண்டிக்காரரின் ஒற்றை அறையும் இருந்தது. இரண்டு முனைக்கும் துணி தேய்க்கிறவர். டேங்க் தூக்கிய அன்று ஊரிலேயே இல்லாதவர். சாயங்காலம் அவர் டீச்சரின் தேய்த்த சேலைகளை எடுத்துக்கொண்டு வந்தார். எப்போதும் போலக் கையில் கொடுத்துவிட்டு, போகாமல் நின்றார்.

"நான் இன்னா பண்ணேன் டீச்சரம்மா?"

"உனக்குப் பட்டா இருந்துதா?"

"இல்லம்மா."

"அப்பறம்?"

அவர் தலையாட்டினார். யோசித்துப் பார்த்து ஒப்புக்கொண்டது போல இருந்தது அந்தத் தலையாட்டல். வண்டியைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறிப் போனார். டீச்சர் சேலைகளை எண்ணிப் பார்த்து உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

கீழ்முனை காலியானதும் அவர் ஓய்ந்துவிடுவார் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தோம். அப்படி நடக்கவில்லை. அந்த வருடம் சங்கத்துக்குத் தலைவரானார். மழைநீர்க் கால்வாயில் யார் சாக்கடை விடுகிறார்கள் என்று கணக்கு எடுத்தார். ரயில்வே சாரின் காம்பவுண்டுச் சுவர் தெருவுக்குள் வந்திருக்கிறது என்று அளக்க ஆள் கூட்டி வந்தார். ரயில்வே சார் என் கணவரைப் பார்க்க வந்து, "நீங்களாவது அவங்ககிட்ட சொல்லக் கூடாதா சார்? வயசான காலத்துல எங்கள எதுக்கு அலைய விடறாங்க?" என்றார். கைக்கட்டு அவிழ்த்து வெகுநாளாகியும் அந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டே பேசினார். என் கணவர் பார்க்கலாம் என்றார். எங்களுக்கு டீச்சரிடம் எதையும் சொல்லும் தைரியம் போய்விட்டிருந்தது.

மேஸ்திரி குடும்பம் வண்டலூருக்கு அந்தப் பக்கம் ஒரு வாடகை அறையில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அக்கா, குழந்தையைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். ஒருநாள் மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவனுக்குப் பேச்சு வந்திருந்தது. அக்கா அவனை மடியில் வைத்துக்கொண்டு, குளிப்பாட்டின நாட்களில் செய்ததுபோல மூக்கை நீவிவிட்டார். டீச்சரைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை. தம்பி வழக்குக்கு அலைந்துகொண்டிருக்கிறான் என்று மட்டும் சொன்னார். மேஸ்திரி வேலைக்குப் போயிருந்தார். நான் கிளம்பும்போது அக்கா என் கையில் இரண்டு மாங்காய் கொடுத்தார்.

மறுநாள் மாலை டீச்சர் மாடிக்கு வந்தார். அவர் மேலே வந்து பல மாதம் ஆகியிருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அவ வீட்டுக்குப் போயிருந்தியாமே."

"ஆமா டீச்சர். குழந்தையப் பாக்கணும்னு சொல்லி அனுப்பியிருந்தாங்க."

"ம்." சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ யார் பக்கம்?"

"நான் யார் பக்கமும் இல்ல டீச்சர்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. பாடம் புரியாத பிள்ளையிடம் இன்னொரு தடவை சொல்கிற பொறுமையோடு சொன்னார். "அப்படி யாரும் கெடையாதும்மா. இருக்கவே முடியாது. நீ யோசிச்சு வையி."

யோசிக்க எனக்கு என்ன இருந்தது? அடுத்த மாதமே பெருங்களத்தூரில் ஒரு புது ஃப்ளாட்டில் வாடகைக்கு இடம் பார்த்துக்கொண்டு காலி செய்தோம். சாமான் ஏற்றிய வண்டி கிளம்பும்போது டீச்சர் கேட்டருகே வந்தார். என் மகனை வாங்கி, இறுக அணைத்து, இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். நல்லா படிக்கணும் என்று அவனிடம் சொன்னார். அவனை என் கையில் திருப்பிக் கொடுக்காமல், கீழே இறக்கி நிற்க வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.